பதினான்கு ‘ஸ்பீக்’கும் ஒரு ‘செஞ்சுட்டாப் போச்சு’ம்

சென்ற மாதம் என் பழைய ஆபீசிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் என்னைத் தேடி வந்தார்கள். ரிக்கார்டு அறையைக் காலி செய்கிறார்களாம். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு கோப்பில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆசாமி இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இருக்கிறேன். பல் மட்டும்தான் ரிட்டயர் ஆகிவிட்டது.

“சார், அந்த ஃபைல்ல பதினாலு இடத்துல ‘ஸ்பீக்’, ‘ஸ்பீக்’னு எழுதி இனிஷியல் போட்டிருக்காங்க. அவங்க கையால வேற ஒண்ணுமே எழுதல. உங்க குறிப்பு இருக்கு, ஆனா தலையும் வாலும் புரியல. அப்படி என்னதான் சார் நடந்துச்சு?” என்று கேட்டாள் இருவரில் இளையவள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்த காபி ஆறும்வரை சொன்னேன். கதை பாதியில் நின்றது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். சம்பந்தப்பட்ட பெரிய மனிதர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னால் அவர்கள் பேரன்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எனக்கு இப்போது சண்டை போடத் தெம்பில்லை.

நான் வேலை பார்த்தது திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த கல்விக் கமிட்டி ஆபீஸ். ஆற்றுக்கு இந்தக் கரையிலும் ஸ்ரீரங்கத்திலுமாகச் சில பள்ளிக்கூடங்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. முதல் இரண்டு வருஷம் நகல் எழுதினேன், அடுத்த மூன்று வருஷம் கோப்புகளுக்கு நாடா கட்டினேன், அப்புறம் கல்வி சம்பந்தப்பட்ட கடிதங்களை என்னிடம் கொடுத்தார்கள். பயிற்சி என்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் மானேஜர் அப்துல் கனி சாயபுவிடம் வாங்கிய திட்டு.

கனி சாயபு திருச்சிக் கோட்டைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். துருக்கித் தொப்பி, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். சிவப்பு முனை தப்புக்கு. நீல முனை அதைவிடப் பெரிய தப்புக்கு. சரியாக இருந்தால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “மாணிக்கம், இந்த வரி யாருக்கு எழுதினீங்க? எனக்கா, கவர்மெண்டுக்கா, இல்ல உங்களுக்கேவா?” என்று மெதுவாகக் கேட்பார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு இறங்காது.

இந்த ‘ஸ்பீக்’ விவகாரத்தில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கோப்பில் எதையும் எழுதித் தர இஷ்டமில்லாத மேலதிகாரி, ‘நேரில் வந்து பேசு’ என்பதற்கு அடையாளமாக ‘ஸ்பீக்’ என்று எழுதுவார். எழுதினால்தானே மாட்டிக்கொள்ள வேண்டும்? பேச்சு காற்றோடு போய்விடும். காற்றோடு போகவிடக் கூடாது என்பது சாயபுவின் கட்சி. பேசிவிட்டு வந்தவன் கோப்பில் நான்கு விஷயம் எழுத வேண்டும்: யாரிடம் பேசினான், எங்கே, எத்தனை மணிக்கு, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன. வார்த்தை தமிழில் வந்தால் தமிழிலேயே எழுதி, அதற்குக் கீழே இங்கிலீஷில் அர்த்தம். இதெல்லாம் தண்ணீர் குடிப்பதற்கு முன். “தண்ணி குடிச்சீங்கன்னா அவங்க சொன்னது உள்ள போயிடும், நீங்க நினைக்கிறது மேல வந்துடும்” என்பார். சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, பானையைப் பார்த்துக்கொண்டே நான் எழுதிய குறிப்புகள் எத்தனையோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். முசிறிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் எங்கள் பகுதிக்குச் சட்டசபை மெம்பர். நல்ல பேச்சாளர். திருச்சியில் ஒரு பொதுக்கூட்டத்தில், “ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி, நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்து, கையால் செய்து சயன்ஸ் படிக்க வேண்டும்! அதற்குச் சட்டம் வர வேண்டும்!” என்று முழங்கினார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த வேகத்தில் சட்டசபையில் ஒரு மசோதாவையும் கொடுத்துவிட்டார். அதைச் சர்க்கார் நிஜமாகவே எடுத்துக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்று பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

சர்க்கார் எடுத்துக்கொண்டது. எல்லாக் கல்விக் கமிட்டிகளுக்கும் கடிதம் போட்டது. மசோதாவை ஆதரிக்கிறீர்களா, இல்லையா? மாசி மாதக் கடைசிக்குள் தலைவர் பதில் அனுப்ப வேண்டும். ஆதரிக்கும் கமிட்டியின் பள்ளிகளில் இப்போதுள்ள தற்காலிக சயன்ஸ் ஆசிரியர் வேலை தொடரும். ஆதரிக்காவிட்டாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்த வேலை கோடை விடுமுறையோடு நின்றுவிடும்.

எங்களிடம் அப்படிப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளியில் ஞானசௌந்தரி டீச்சர். புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பள்ளிக்கூடத்துப் பின்புறம் இருந்த விறகுக் கொட்டகையைக் காலி செய்து வெள்ளையடித்து, ஒரு மேஜையும் இரண்டு அலமாரியும் போட்டு, அதுதான் சயன்ஸ் ரூம் என்று அறிவித்துவிட்டார். ஐந்தாவது பாரத்தில், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பில், பதினோரு பெண்கள் விருப்பப் பாடமாக சயன்ஸ் எடுத்திருந்தார்கள்.

எங்கள் கமிட்டித் தலைவர் மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருந்தவர். முதலில் அவர் ‘ஆதரவு’ என்று எழுதத் தயாராகத்தான் இருந்தார். பேனாவைக் கூடத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெட்டிஷன் வந்தது. பள்ளிக்கூடத்தில் முட்டை சமைக்கிறார்கள், அதுவும் அழுகின முட்டை, அந்த துர்க்கந்தம் வீதி முழுவதும் பரவி ஆசாரம் கெட்டுப் போகிறது, சயன்ஸ் என்ற இந்த அனாசாரத்தை நிறுத்த வேண்டும் என்று நான்கு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து பார்த்தசாரதி ஐயங்கார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர், வீதியில் மதிப்புள்ளவர். தலைவர் பேனாவை மூடினார். ‘ஸ்பீக்’ என்று முதல் தடவை எழுதியது அன்றைக்குத்தான்.

விசாரணைக்கு நான் போனேன். ஐயங்கார் சுவாமி பள்ளி வாசலிலேயே உத்தரீயத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நீர்தான் கமிட்டி ஆபீசா? மூக்கு இருக்கோன்னோ உமக்கு? மோந்து பாரும்!”

மோந்து பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாரோ காபிக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். பிரமாதமாக இருந்தது.

“இப்போ இல்லை. நேத்திக்கு இருந்துது. அழுகின முட்டை!” என்றார் சுவாமி.

அதற்குள் ஞானசௌந்தரி டீச்சர் வெளியே வந்துவிட்டார். கையில் சுண்ணக்கட்டித் தூள். மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, அழுகின முட்டை எப்படி நாறும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

சுவாமி வாயைத் திறந்தார். மூடினார். “கேள்விப்பட்டிருக்கேன்” என்றார்.

“நாத்தத்தையா?”

நான் குனிந்து சைக்கிள் செயின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். அரசாங்க விசாரணையில் சிரிக்கக் கூடாது.

டீச்சர் எங்களை உள்ளே அழைத்துப் போனார். இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கறுப்புக் கட்டி, அதன்மேல் ஊற்றுகிற அமிலம், அதிலிருந்து அழுகின முட்டை போல நாறிக்கொண்டு வரும் வாயு. முட்டையின் பெயர்கூட அந்த அறைக்குள் வந்ததில்லை. “இந்தக் கார்யத்தைப் பண்ணினது யார்?” என்றார் சுவாமி.

அலமாரிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நான்தான் அப்பா.”

அவருடைய மகள் ரங்கநாயகி. பதினைந்து வயது இருக்கும். பயந்துதான் நின்றாள், ஆனால் பின்வாங்கவில்லை. “நம்மாத்துப் பெருமாளோட வெள்ளி வட்டில் ஏன் கறுத்துப் போறதுன்னு டீச்சரைக் கேட்டேன். வெள்ளி கறுக்கறதுக்கு இந்த வாயுதான் காரணம். காத்துல கொஞ்சம் கொஞ்சம் இருக்காம். நேத்திக்கு ஒரு வெள்ளித் துண்டை வெச்சுப் பார்த்தோம். பாருங்கோ.”

கறுத்துப்போன வெள்ளித் துண்டை நீட்டினாள். தினமும் திருவாராதனப் பூஜைக்கு முன்னால் அந்த வட்டிலைத் தேய்க்கிறவர் சுவாமி. துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீ சங்கீதம்னா எடுத்துண்டிருக்கேன்னு நெனைச்சுண்டிருந்தேன்” என்றார்.

வாசலுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “பெட்டிஷனை அடியேன் வாபஸ் வாங்கறதுக்கில்லை. நாலு பேர் சேர்ந்து போட்டது. ஆனா இன்னொண்ணு எழுதமாட்டேன். போய்ச் சொல்லும்.”

நான் சைக்கிளில் ஏறும்போது டீச்சர் பின்னாலேயே வந்தார். “சார், வேண்டாம்னு எழுதினா இப்பவே எழுதச் சொல்லுங்க. இந்தப் பதினோரு பேரும் அடுத்த வருஷம் வேற பாடத்துக்கு மாறி எப்படியாவது தேறிடுவாங்க. எனக்கும் வேற ஊர்ல கூப்பிடறாங்க. வேணும்னா வேணும்னு எழுதட்டும். ஒண்ணுமே எழுதாம விட்டா, லீவு முடிஞ்சு வந்து பார்க்கிறப்ப நான் இருக்கமாட்டேன். அப்புறம் பாடம் மாத்தவும் நேரமிருக்காது, பாதிப் பாடம் படிச்ச பொண்ணுங்க பரீட்சை எழுத முடியாது. எல்லாரையும் வீட்டுல நிறுத்திடுவாங்க.” காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போது மனசு கனத்துத்தான் இருந்தது.

முட்டை இல்லை என்று விவரமாக அறிக்கை எழுதினேன். தலைவர் படித்தார். ‘ஸ்பீக்’ என்று எழுதினார். மண்ணச்சநல்லூர் போனேன். மில்லுக்குள் இயந்திரச் சத்தம், தவிட்டுத் தூசி, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சங்கடமான விஷயம் பேச வேண்டியவர்களை அவர் அங்கேதான் வரச் சொல்வார்.

“ஐயா, முட்டை இல்லீங்க! சுவாமியே சமாதானம் ஆயிட்டாருங்க!” என்று கத்தினேன்.

“சமாதானம் ஆயிட்டேன்னு எழுதிக் குடுத்தாராய்யா?”

“இல்லீங்க!”

“அதானே! ஆதரிச்சா ஸ்ரீரங்கத்து ஓட்டு போச்சு. எதிர்த்தா டவுன் ஓட்டு போச்சு. ரெண்டும் போனா நான் இங்க நெல்லு அரைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். மசோதா யாருது? மெம்பருது. அவரை ஒரு வரி எழுதித் தரச் சொல்லு, நான் அதுக்குக் கீழ போடறேன்!”

மெம்பரைப் பார்க்க முசிறிக்குப் பஸ் ஏறினேன். வாழைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இளநீர் கொடுத்தார். சாயபுவின் விதி ஞாபகம் வந்தது. அது தண்ணீருக்கு மட்டும்தான் என்று சமாதானம் செய்துகொண்டு குடித்தேன்.

“தம்பி, நானே எழுதிக் குடுத்தா என் மசோதாவுக்கு நானே சிபாரிசு பண்ணின மாதிரி ஆயிடாதா? மொதல்ல கமிட்டி ஆதரவு வரட்டும். அதைக் கையில வெச்சுக்கிட்டு சட்டசபையில வெளுத்து வாங்கறேன் பாருங்க” என்றார். ஒரு சீப்புப் பூவன் பழமும் கொடுத்தனுப்பினார்.

மெம்பர் சொன்னதைத் தலைவரிடம் சொன்னேன். ‘ஸ்பீக்’. தலைவர் சொன்னதை மெம்பரிடம் சொன்னேன். இன்னொரு சீப்பு. உபகமிட்டிக்கு அனுப்பினோம், அவர்கள் கூடி, சோமாசி தின்று, ‘தலைவரின் மேலான யோசனைக்கு’ என்று திருப்பி அனுப்பினார்கள். பந்து உருள்வது போல் கோப்பு ஒன்றரை மாதம் உருண்டது. ஒவ்வொரு தடவையும் சாயபுவின் முறைப்படி நான்கு விஷயத்தையும் எழுதினேன். அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ‘ஆம்’ இல்லை, ஒன்றுகூட ‘இல்லை’ இல்லை. நடுவில் ஒருநாள் டீச்சர் ஆபீஸ் மாடியேறி வந்து, ஒன்றும் கேட்காமல், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி நாளும் வந்தது. பதின்மூன்றாவது ‘ஸ்பீக்’ கையில். நான் மில்லுக்குப் போய்ச் சேரும்போது தலைவர் பட்டு வேஷ்டியும் ஜவ்வாதுமாகக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“ஐயா, இன்னிக்கிக் கடைசித் தேதி. ஆதரவுன்னு பதில் அனுப்பணுங்க.”

“அட, இது ஒரு விஷயமாய்யா? செஞ்சுட்டாப் போச்சு! முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, கதவை விடு.”

கார் போய்விட்டது.

‘செஞ்சுட்டாப் போச்சு’ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சமையலறை ஓடு மாற்ற வேண்டும் என்று என் மனைவி சொன்னபோதெல்லாம் நானும் அதைத்தான் சொன்னேன். மூன்று மழைக்காலம் அவள் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துச் சமைத்தாள். செய்கிற உத்தேசம் இல்லாதவன், கேட்கிறவனை மனம் நோகாமல் அனுப்பிவைக்கச் சொல்லும் வார்த்தை அது. ஆனால் எழுத்துக்கு எழுத்து பார்த்தால்? செய்துவிடு, தீர்ந்தது. இதைவிடத் தெளிவான உத்தரவு உண்டா? ஆபீசுக்குத் திரும்பும் வழி முழுவதும் எனக்குக் கோபம். பதினோரு பெண்களை நினைத்து, டீச்சர் படியிறங்கியதை நினைத்துக் கோபம். வந்ததும் பானைப் பக்கம் போகாமல் உட்கார்ந்து எழுதினேன். யாரிடம், எங்கே, எத்தனை மணிக்கு. ‘ஆதரவு என்று பதில் அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். தலைவர் சொன்னது: செஞ்சுட்டாப் போச்சு.’ அதற்குக் கீழே இங்கிலீஷில், ‘உடனே செய்து முடிக்க உத்தரவு.’

கோப்பைக் கனி சாயபுவிடம் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“இது அவங்க வாயால சொன்ன வார்த்தைதானா?”

“ஆமாங்க. டிரைவரும் கேட்டாரு.”

“நீங்க ‘ஆதரவு’ங்கிற வார்த்தையைச் சொன்னீங்களா?”

“சொன்னேங்க.”

அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் தலையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “மாணிக்கம், நானும் இதே ஊர்லதான் பொறந்தேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும்” என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “ஆனா, சொன்னதை வெச்சுத்தான் இந்த ஆபீஸ் நடக்குது. சொல்லாததை வெச்சு இல்ல.”

சர்க்காருக்குப் போகும் பதிலை அவரே எழுதினார். ‘இக்கமிட்டி மசோதாவை ஆதரிக்கிறது.’ கீழே ‘தலைவருக்காக’ என்று எழுதித் தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டார். ரிட்டயர் ஆக அவருக்கு இரண்டே வருஷம் இருந்தது. வேலை போனால் அவருடைய இருபத்தெட்டு வருஷ சர்வீஸும் சேர்ந்து போகும்.

“விவகாரம் வந்தா மொதல்ல என் கையெழுத்துதான் கண்ணுல படும். நீங்க போய்த் தண்ணி குடிங்க” என்றார். குடிக்கவில்லை. தபாலாபீசுக்கு ஓடினேன், அன்றைய கடைசிப் பையில் கடிதம் போயிற்று.

நான்கு நாள் கழித்துத் தலைவர் வந்தார். வழக்கப்படி கோப்பு அவர் பார்வைக்குப் போனது. திரும்பி வந்தது: ‘ஸ்பீக்’. பதினான்காவது. இந்தத் தடவை சாயபு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“சாயபு, நான் எப்பய்யா ஆதரவுன்னு சொன்னேன்?”

“‘செஞ்சுட்டாப் போச்சு’ன்னீங்களாம்.”

“அது... சும்மா பேச்சுக்குச் சொல்றதுய்யா!”

“அப்படீங்களா? ஒண்ணும் கெட்டுப் போகல. ‘நான் மசோதாவை ஆதரிக்கல, கமிட்டி எதிர்க்குது’ன்னு உங்க கையால ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுடுங்க. இன்னிக்கே தந்தி அடிச்சுடறேன்.”

தலைவர் பேனாவைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். சாயபுவைப் பார்த்தார். பேனாவை மூடினார். “அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு” என்றார்.

இந்தத் தடவை சாயபு அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஆதரவு போய்ச் சேர்ந்ததும் மெம்பர், தாம் படாத பாடுபட்டுக் கமிட்டியைச் சம்மதிக்க வைத்ததாக ஒரு கூட்டத்தில் பேசினார். அடுத்த கூட்டத்தில் தலைவர், எதிர்ப்புக்கெல்லாம் அஞ்சாமல் தாம் எடுத்த முடிவு என்றார். இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. பிறகு யுத்தம் வந்தது, சட்டசபை இல்லாமல் போயிற்று, மசோதா எங்கேயோ அலமாரியில் அடங்கிவிட்டது. டீச்சரின் வேலை மட்டும் அடங்கவில்லை. தொடரலாம் என்று ஒருமுறை உத்தரவு வந்தபின் அதை ரத்து செய்ய வேறு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். யார் போடுவார்கள்? ஞானசௌந்தரி டீச்சர் அந்த விறகுக் கொட்டகையில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தினார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நாற்றமான சோதனைகள் செய்வதில்லை என்று வீதியோடு ஓர் ஒப்பந்தம்.

அடுத்த வருஷம் பதினோரு பெண்களும் பரீட்சை எழுதினார்கள். ஒன்பது பேர் தேறினார்கள். முடிவு வந்து ஒரு வாரம் இருக்கும், பார்த்தசாரதி ஐயங்கார் சுவாமி எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் காலேஜ் விண்ணப்பம். ரங்கநாயகிக்கு சயன்ஸ் குரூப்பில் சேர வேண்டுமாம். விண்ணப்பம் இங்கிலீஷில் இருந்தது. நான் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டத்தில் நிறுத்தினேன்.

“இங்கே என்ன கேக்கறா?”

“இந்தப் பொண்ணுக்குப் பொறுப்பு யாருன்னு கேக்கறாங்க சுவாமி. வெளியூர் ஹாஸ்டல் இல்லையா, பெரிய மனுஷங்க கையெழுத்தா இருந்தா நல்லது. வேணும்னா கமிட்டித் தலைவர்கிட்ட, இல்ல மெம்பர்கிட்டக் கேட்டுப் பார்க்கிறேன்.”

சுவாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவாளுக்கும் இவளுக்கும் என்ன?” என்று என் பேனாவை வாங்கிக்கொண்டார். மேஜைமேல் குனிந்து தமிழில் எழுத ஆரம்பித்தார். ஊர், வீதி, தகப்பனார் திருநாமம், தம் திருநாமம். கட்டம் போதவில்லை. ஓரத்தில் இறங்கி, காகிதத்தைத் திருப்பி, பக்கத்து வெற்றிடத்திலும் எழுதி முடித்தார். மை காயும்வரை ஊதினார். பிறகு விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, “படிச்சுப் பாரும். இன்னார்னு தெளிவாத் தெரியறதோன்னோ?” என்றார்.